துட்டு எப்போ வரும்?

பொன்னேரியைத் தாண்டி ஆரணியாற்றங்கரையை ஒட்டிய ஓர் ஊரில் என் சித்தப்பாவுக்கு ஓர் ஏக்கர் நாற்பது சென்ட் கழனி சொந்தம். அதோடு இன்னும் இரண்டு ஏக்கரை வாய்ப்பேச்சுக் குத்தகைக்கு எடுத்து, தண்ணீர் இருக்கும் ஆண்டில் சொர்ணவாரி, சம்பா, நவரை என்று மூன்று பட்டமும் (பருவமும்), இல்லாத ஆண்டில் சம்பா மட்டுமாகவும் நெல் வைக்கிறார். மாதவரத்தில் வசிக்கும் நான் கணக்கு எழுதிப் பிழைப்பவன். சில ஆண்டுகளுக்கு முன்பு, இடைத்தரகர் இல்லாமல் உழவரிடமே நேரடியாக வாங்குவதாகச் சொன்ன ஒரு புதிய நிறுவனத்தின் விலைப்பட்டியலைக் கைப்பேசியில் கொண்டுபோய், மண்டியைவிடக் கிலோவுக்கு இரண்டரை ரூபாய் கூடுதலாகக் கிடைக்கும் என்று அவரிடம் பெருமையாகக் காட்டினேன். அவர் திரையைப் பார்க்கவே இல்லை. “வெல இன்னான்றத அப்புறம் சொல்லுப்பா. துட்டு எப்போ கைக்கு வரும்? அத மொதல்ல சொல்லு” என்றார்.

என்னிடம் பதில் இல்லை. பட்டியலில் விலை இருந்தது, தரம் இருந்தது, வண்டி வரும் நேரம்கூட இருந்தது. பணம் வரும் நாள் மட்டும் இல்லை. அன்று முதல், சிறு உழவரை வறுமையிலிருந்து மீட்கப்போவதாகச் சொல்லும் எந்தத் தொழில்முறையையும் நான் அந்த ஒரு கேள்வியை வைத்தே எடைபோட்டுப் பார்க்கிறேன். விலை குறைவாக இருப்பது வறுமைக்கு ஒரு காரணம் என்பதை நான் மறுக்கவில்லை. ஆனால் குறைந்த விலையை அவர் ஏன் ஒப்புக்கொள்கிறார் என்று தோண்டிக்கொண்டே போனால், காத்திருக்க அவருக்கு வலு இல்லை என்கிற இடத்தில்தான் போய் முட்டுகிறது.

2015-16 வேளாண் கணக்கெடுப்பின்படி இந்தியாவில் ஒரு நிலவுடைமையின் சராசரிப் பரப்பு 1.08 ஹெக்டேர், தமிழ்நாட்டில் அது 0.75 ஹெக்டேர், அதாவது ஓர் ஏக்கர் எண்பத்தைந்து சென்ட். 2018-19ஆம் ஆண்டுக்கான தேசிய மாதிரி ஆய்வு, நாட்டில் ஓர் உழவர் குடும்பத்தின் சராசரி மாத வருமானத்தை 10,218 ரூபாய் என்று கணக்கிட்டது. அதில் பயிரிலிருந்து கிடைப்பது 3,798 ரூபாய். கூலியிலிருந்து கிடைப்பது 4,063 ரூபாய். நாம் உழவர் என்று அழைப்பவர் வருமானக் கணக்கில் உழவரைவிடக் கூடுதலாகக் கூலியாள்தான் என்பதை இதைவிடத் தெளிவாகச் சொல்ல முடியாது. கூலி அன்றன்றைக்கு அல்லது சனிக்கிழமைக்குக் கைக்கு வந்துவிடும். நெல்லுக்கு நாற்று விடுவது தொடங்கி அறுவடை வரை நான்கு மாதம் பணம் போட்டுக்கொண்டே இருக்க வேண்டும்; வருவது ஒரே ஒரு நாளில்.

அந்த நான்கு மாத இடைவெளியில்தான் மண்டிக்காரர் வந்து உட்கார்கிறார். எங்கள் அப்பா காலத்தில் நெல் செங்குன்றம் மண்டிக்குப் போகும். நானும் மூட்டைகளின்மேல் உட்கார்ந்து போயிருக்கிறேன். பத்திரிகைகளில் இடைத்தரகர் என்றாலே வில்லன்தான். ஆனால் நடவுக்கு ஆள் வந்து நிற்கும் நாளில் சிட்டா, அடங்கல் என்று நில ஆவணம் எதுவும் கேட்காமல், ஒரு தொலைபேசி அழைப்பில் இருபதாயிரம் ரூபாய் அனுப்புகிறவர் அவர் ஒருவர்தான். இதைச் சொல்லாமல் அவரைத் திட்டுவது நியாயம் ஆகாது. அந்தப் பணத்துக்கு வட்டி கிடையாது என்றுதான் சித்தப்பா இன்றும் சொல்கிறார். நான் ஒருமுறை கணக்குப் போட்டுக் காட்டினேன். 20,000 ரூபாய் முன்பணம், நான்கு மாதம். அறுத்த நெல்லை அவருக்கே போட வேண்டும் என்பது பேச்சு. அன்றைய வெளி விலையைவிட மூட்டைக்கு 75 ரூபாய் குறைத்து 40 மூட்டை போனால் 3,000 ரூபாய். நான்கு மாதத்துக்கு நூற்றுக்குப் பதினைந்து என்றால் ஆண்டுக்கு நாற்பத்தைந்து. இதில் கமிஷன், சாக்கு எடை, தூற்றல் கழிவு, இறக்குக்கூலி எதையும் நான் சேர்க்கவில்லை. சித்தப்பா கணக்கைப் பொறுமையாகக் கேட்டுவிட்டு, “நீ சொல்றது சரிதான். இந்த வட்டிக்கு நாளைக்குக் காலைல வேற யார் தராங்க?” என்றார்.

இது நெல்லுக்கு மட்டும் உரிய வழக்கம் அல்ல. காசிமேட்டில் விசைப்படகு வைத்திருப்பவர்களில் பலர் டீசலுக்கும் ஐஸுக்கும் வலைக்கும் வியாபாரியிடம் முன்பணம் வாங்கியிருப்பார்கள். மீன் கரைக்கு வரும்போது அது யார் வழியாக ஏலம் போக வேண்டும் என்பது கடலுக்குப் போகும் முன்பே முடிவாகிவிட்டிருக்கும். வடசென்னையில் வளர்ந்தவர்களுக்குப் பொருள் கெடுவதற்கு முன் விற்றாக வேண்டும் என்கிற நெருக்கடியைத் தனியாக விளக்க வேண்டியதில்லை.

அதே நெருக்கடிக்கு உள்ளே இருந்துகொண்டு அதை வென்ற பொருள் ஒன்று உண்டு என்றால் அது பால். நான் குடியிருக்கும் மாதவரத்தின் பால்பண்ணை 1960களில் நியூசிலாந்து அரசின் உதவியோடு வந்தது. பிறகு 1970இல் தொடங்கிய வெண்மைப் புரட்சித் திட்டத்தின் முதல் கட்டத்தில் பம்பாய், டெல்லி, கல்கத்தாவோடு சென்னையும் பால் போய்ச் சேர வேண்டிய நான்கு மாநகரங்களில் ஒன்றாக இருந்தது. எங்கள் சித்திக்கு இரண்டு மாடுகள். நெல் எந்த ஆண்டு கைவிட்டாலும் அந்த வீட்டில் பள்ளிக் கட்டணம் நின்றதில்லை. காரணம் பால் விலை உயர்ந்தது என்பதல்ல, பத்து நாளைக்கு ஒரு தரம் சங்கத்தில் கணக்குத் தீர்த்தார்கள் என்பதுதான். தேதி தெரிந்த பணத்தை நம்பி மளிகைக் கடைக்காரரும் கடன் தருவார், பள்ளிக்கூடமும் ஒரு வாரம் பொறுக்கும்.

குஜராத்தின் கேடா மாவட்டத்தில் 1946இல் தொடங்கிய, பின்னாளில் அமுல் ஆன கூட்டுறவைப் பற்றிப் பேசும்போது எல்லோரும் இடைத்தரகரை ஒழித்த கதையைச் சொல்வார்கள். எனக்கு அதைவிட முக்கியமாகப் படுவது 1955இல் ஆனந்தில் திறக்கப்பட்ட பால்பவுடர் ஆலை. குளிர்காலத்தில் எருமைகள் அதிகம் கறக்கும். அந்தப் பாலை வாங்க பம்பாயில் ஆள் இருக்காது. சங்கம் உறுப்பினரிடம் “இன்று பால் வேண்டாம்” என்று சொல்ல நேரும். எருமைப் பாலைப் பவுடராக்க முடியாது என்று வெளிநாட்டு நிபுணர்கள் சொல்லிக்கொண்டிருந்த காலத்தில் தலாயா என்கிற பொறியாளர் அதைச் செய்து காட்டினார். பவுடர் என்பது காத்திருக்கக் கற்றுக்கொண்ட பால். உழவர் காத்திருக்க முடியாது என்றால், அவருக்குப் பதிலாகப் பொருள் காத்திருக்க வேண்டும், அந்த ஆலையும் அவருடையதாகவே இருக்க வேண்டும். நுகர்வோர் கொடுக்கும் ஒரு ரூபாயில் எண்பது காசு அளவுக்கு உற்பத்தியாளருக்குப் போவதாக அமுல் சொல்லிவருகிறது. ரிசர்வ் வங்கி 2024இல் வெளியிட்ட ஆய்வுத்தாள்களின்படி தக்காளியில் உழவருக்குப் போவது ஏறக்குறைய 33 காசு, வெங்காயத்தில் 36, உருளைக்கிழங்கில் 37. தக்காளி உழவர் பெரும்பாலோருக்கு அப்படியோர் ஆலை சொந்தமாக இல்லை என்பதைத் தவிர இந்த இடைவெளிக்கு வேறு எத்தனையோ காரணங்கள் இருக்கலாம். ஆனாலும் முதல் காரணம் அதுவே என்று நான் நினைக்கிறேன்.

இந்தக் கேள்வியோடு புதிய முறைகளைப் பார்த்தால் சில விரைவாகவே கரைந்துபோகின்றன. 2000ஆம் ஆண்டு மத்தியப் பிரதேசத்தின் சோயா உழவர்களுக்காக ஐடிசி நிறுவனம் தொடங்கிய இ-சௌபல் என்கிற இணையவழி ஏற்பாடு முதல், 2016இல் வந்த இ-நாம் மின்னணுச் சந்தை வரை, பலவும் விலை தெரியாததே உழவரின் குறை என்று எடுத்துக்கொண்டு விலையைத் தெரியப்படுத்துகின்றன. அது நல்லதுதான். ஆனால் முன்பணம் வாங்கியவருக்கு வெளி விலை தெரிவதால் வருத்தம் கூடுமே தவிர, மூட்டையை வேறு பக்கம் திருப்ப முடியாது.

செயலி வழியாகக் காய்கறி வாங்கும் நிறுவனங்கள் வந்தபோது சித்தப்பாவும் அரை ஏக்கரில் கத்திரி வைத்தார். பணம் மறுநாளே வங்கிக்கு வந்தது. இதில் அவர்களைக் குறை சொல்ல இடமே இல்லை. சிக்கல் வேறு பக்கம் இருந்தது. நூறு கிலோ கொண்டுபோனால் அறுபது, எழுபதுதான் தரம் என்று எடுத்துக்கொள்வார்கள். மீதியைத் திருப்பி எடுத்துவந்து மத்தியான வெயிலில் பொன்னேரி பேருந்து நிலையத்துக்கு அருகில் கூறுகட்டி விற்க வேண்டியிருந்தது. மண்டியில் சொத்தையும் சொள்ளையும் சேர்த்து மொத்தமாக ஒரு விலை. அங்கே விலை குறைவு, ஆனால் நட்டத்தில் ஒரு பகுதி வியாபாரியின் தலையில் விழுந்தது. இங்கே நல்ல காய்க்கு நல்ல விலை. நட்டம் முழுவதும் உழவர் தலையில். ஒரு பருவத்தின் மொத்தக் கணக்கை எழுதிப் பார்த்தபோது இரண்டுக்கும் பெரிய வேறுபாடு தெரியவில்லை.

ஒப்பந்த முறையில் தமிழ்நாட்டுக்கு நீண்ட அனுபவம் உண்டு. உடுமலை, பல்லடம் பக்கத்தில் 1990களில் வேரூன்றிய கறிக்கோழி வளர்ப்பில் குஞ்சு, தீவனம், மருந்து எல்லாம் நிறுவனத்துடையவை. வளர்ப்பவருக்குக் கிலோவுக்கு இவ்வளவு என்று வளர்ப்புக் கூலி. கோழி விலை சரிந்தாலும் அந்த நட்டம் அவரைத் தொடாது, இடைப்பட்ட நாளுக்கு மூலதனமும் தேட வேண்டாம் என்பதால், காத்திருக்கும் சுமையை உண்மையாகவே இறக்கிவைத்த முறை இது. ஆனால் கொட்டகை அவருடையது, கொட்டகைக்கு வாங்கிய கடனும் அவருடையது. அடுத்த குஞ்சு எப்போது இறங்கும் என்பது மட்டும் நிறுவனத்தின் முடிவு. 2019இல் ஒப்பந்தச் சாகுபடிக்கென்று தனிச் சட்டம் கொண்டுவந்தது நம் மாநிலம். ஒப்பந்தத்தில் முன்கூட்டியே பேசிய விலையைப் பாதுகாக்க முயல்கிறது அது. காலியாகக் கிடக்கும் கொட்டகைக்கு எந்தச் சட்டமும் பதில் சொல்லாது.

இனி நான் நேரடியாகக் கணக்கு எழுதும் முறைக்கு வருகிறேன். உழவர் உற்பத்தியாளர் நிறுவனம் என்பது 2002இல் கம்பெனிச் சட்டத்தில் செய்த திருத்தத்தால் பிறந்தது. கூட்டுறவைப் போல ஆளுக்கு ஒரு வாக்கு, ஆனால் பதிவும் நடைமுறையும் கம்பெனியைப் போல. அதில் சேர உற்பத்தியாளராக இருந்தால் போதும், பட்டா வேண்டியதில்லை என்பதால் வாய்ப்பேச்சுக் குத்தகைக்காரரும் உறுப்பினராகலாம். ஆண்டுக்கு 6,000 ரூபாய் தரும் பிரதமர் உதவித்தொகை நிலம் தன் பெயரில் உள்ளவருக்கு மட்டுமே என்பதை நினைத்தால் இதன் அருமை புரியும். 2020 பிப்ரவரியில் 6,865 கோடி ரூபாயில் பத்தாயிரம் நிறுவனங்களை உருவாக்கும் திட்டத்தை ஒன்றிய அரசு தொடங்கியது; ஒவ்வொன்றுக்கும் மூன்று ஆண்டு நிர்வாகச் செலவுக்கு 18 லட்சம் வரை, உறுப்பினர் போடும் பங்குக்கு ஈடாக ஆளுக்கு 2,000 ரூபாய் வரை, மொத்தத்தில் 15 லட்சத்துக்கு மிகாமல் மானியம். எங்கள் வட்டாரத்திலும் ஒன்று தொடங்கியது. சித்தப்பா ஆயிரம் ரூபாய் கட்டிச் சேர்ந்தார். கணக்கு என் மேசைக்கு வந்தது.

சமவெளியில் இத்திட்டத்துக்குக் குறைந்தது 300 உறுப்பினர் வேண்டும். 300 பேர் ஆளுக்கு ஆயிரம் போட்டால் மூன்று லட்சம், ஈட்டு மானியம் மூன்று லட்சம், ஆக மூலதனம் ஆறு லட்சம். நெல் குவிண்டால் 2,400 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் அந்த மூலதனத்தில் 250 குவிண்டால் வாங்கலாம். 75 கிலோ மூட்டையாகச் சொன்னால் 333 மூட்டை. முந்நூறு உறுப்பினர்களிடம் ஆளுக்கு ஒரு மூட்டை! சித்தப்பா ஒருவரிடமே நல்ல சம்பாவில் எண்பது மூட்டை இருக்கும். மீதி எழுபத்தொன்பதையும் அவர் எங்கே போடுவார் என்று கேட்கவே வேண்டாம். ஒன்று நிறுவனம், “நெல்லைக் கொடுத்துவிட்டுப் போங்கள், விற்ற பிறகு பணம் தருகிறோம்” என்று சொல்ல வேண்டும். அல்லது வாங்காமல் உரமும் விதையும் விற்கும் கடையாக நின்றுவிட வேண்டும். நான் பார்த்த பல நிறுவனங்கள் கடையாகத்தான் நிற்கின்றன. இதற்கிடையில் கம்பெனி என்கிற முறையில் ஆண்டுப் படிவங்களைத் தாமதமாகத் தாக்கல் செய்தால் படிவத்துக்கு நாள் ஒன்றுக்கு 100 ரூபாய் கூடுதல் கட்டணம் ஏறிக்கொண்டே இருக்கும். அறுவடை மும்முரத்தில் இயக்குநரின் கையெழுத்துக்காக நான் களத்துமேட்டில் போய் நின்ற நாட்கள் உண்டு.

மூலதனம் இருந்தால் இதே வடிவம் என்ன செய்யும் என்பதற்கு நாசிக்கின் சஹ்யாத்ரி சான்று. திராட்சை ஏற்றுமதியில் தொடங்கி, தக்காளியைக் கூழாக்கும் ஆலை வரை போன அந்த உழவர் நிறுவனம், 2022இல் ஐரோப்பிய முதலீட்டாளர்களிடமிருந்து 310 கோடி ரூபாய் திரட்டியது. திராட்சையும் தக்காளியும் விளையும் அந்த மண்ணின் வசதி நம் நெல்லுக்கு இல்லை என்று சிலர் சொல்வார்கள். இருக்கலாம். எனக்குத் தெரிந்த வரையில் நெல் இவற்றைவிடக் காத்திருக்கும் பொருள்தான். காத்திருக்க முடியாதது நெல் அல்ல, உழவர்தான்.

நெல்லை வைத்துக் கடன் வாங்க வழி இல்லாமலும் இல்லை. ஒழுங்குமுறை விற்பனைக்கூடக் கிடங்கில் இருப்பு வைத்தால் மதிப்பில் 75 விழுக்காடு வரை பொருளீட்டுக் கடன் தருகிறார்கள். நல்ல ஏற்பாடு. ஆனால் ஐந்து மூட்டை, பத்து மூட்டை வைத்திருப்பவர் அதற்கு வண்டி வாடகை கொடுத்து, ஒரு நாள் கூலியை விட்டுவிட்டுப் போவதற்குள் மண்டி வண்டி களத்துக்கே வந்து நின்றுவிடும். கடன் கிடங்கில் இருக்கிறது, தேவை களத்தில் இருக்கிறது.

ஆகவே மூலதனத்தை நகரத்திலிருந்தே கொண்டுவரலாம் என்று எங்களுக்கு ஓர் எண்ணம் தோன்றியது. 2023 செப்டம்பரில் எங்கள் குடியிருப்பிலும் அக்கம்பக்கத்திலும் 26 குடும்பங்களிடம் பேசி, பொங்கலுக்குப் பிறகு மூன்று மாதத்துக்கு மாதம் 20 கிலோ பாபட்லா அரிசி, கிலோ 60 ரூபாய் என்று வீட்டுக்கு 3,600 ரூபாய் முன்கூட்டியே வாங்கினோம். 93,600 ரூபாய் சேர்ந்தது. சித்தப்பா உட்பட நான்கு பேருக்கு அது நடவுக் காசானது. அந்தச் சம்பாவுக்கு அவர்கள் மண்டியில் முன்பணம் வாங்கவில்லை. புதிய உலகமே பிறந்துவிட்டதைப் போல் நான் பேசித் திரிந்தேன்.

டிசம்பர் 3, 4 தேதிகளில் மிக்ஜாம் புயல் வந்தது. கழனியில் ஒன்பது நாள் தண்ணீர் நின்றது. விளைச்சல் பாதிக்கும் கீழே. நெல்லை இழந்தவர்களிடம் பணத்தைக் கேட்க முடியாது. நட்டத்தில் பங்கு என்று முன்பே பேசியிருந்ததால் அரிசி குறைவதை இங்குள்ளவர்கள் பொறுத்துக்கொள்வார்கள் என்று நம்பினேன். ஆனால் தரைத்தளத்தில் இருந்த ஐந்து குடும்பங்களின் வீட்டுக்குள்ளும் இடுப்பளவுத் தண்ணீர் புகுந்திருந்தது. குளிர்பதனப் பெட்டி போனது, வண்டி போனது. அவர்கள் வந்து, வேண்டுமென்று கேட்பதாக நினைக்க வேண்டாம், அந்த 3,600 இருந்தால் உதவியாக இருக்கும் என்று கேட்டார்கள். கையிலிருந்து கொடுத்தேன். நகரத்தில் இருப்பவர் காத்திருப்பார் என்று கணக்குப் போட்ட நான், இது எந்த நகரம் என்பதை மறந்துவிட்டேன். வசதியானவர்கள் வசிக்கும் அண்ணா நகரில் செய்திருந்தால் யாரும் கேட்டிருக்க மாட்டார்கள் என்று ஒரு நண்பர் சொன்னார். இருக்கலாம், ஆனால் அங்கே எனக்கு யாரையும் தெரியாது.

இப்போது செய்வது வேறு. வடசென்னையில் தெருவுக்கு இரண்டு இட்லிக் கடையோ மாவுக் கடையோ இருக்கும். பெரும்பாலும் பெண்கள் நடத்துபவை. எழுதுவது பத்தாயிரம், கையில் தருவது எட்டாயிரத்து ஐந்நூறு, நாளுக்கு நூறாக நூறு நாள் என்று தண்டல் கட்டிப் பழகியவர்கள். நவரையில் எங்கள் பக்கம் விளையும் குண்டு நெல், ஏடிடீ 37, இட்லிக்கு ஏற்றது. எங்கள் உழவர் நிறுவனம் அதை செங்குன்றம் ஆலையில் அரைத்து அவர்களுக்குப் போடுகிறது. அவர்கள் சிப்பத்தை இறக்கிய மறுநாளிலிருந்து தண்டல் மாதிரியே நாளுக்கு இவ்வளவு என்று கைப்பேசியில் அனுப்பிவிடுகிறார்கள், வட்டி கிடையாது. (சிப்பம் 26 கிலோ, 25 கிலோ வரை பையிலிட்டுப் பெயர் ஒட்டி விற்றால் 5 விழுக்காடு ஜிஎஸ்டி என்று 2022 ஜூலையில் வந்ததிலிருந்து ஊரில் எல்லாச் சிப்பமும் ஒரு கிலோ பெருத்துவிட்டது.) இப்படி நாள்தோறும் வந்து சேரும் சில ஆயிரங்களே நிறுவனத்துக்கு மூலதனமாக நிற்கின்றன. உழவருக்கு எடை போட்ட அன்றே பாதி, முப்பதாம் நாள் மீதி. கிலோவுக்கு இரண்டு ரூபாய் வெள்ளத்துக்கென்று தனிக் கணக்கில் ஒதுங்குகிறது. மொத்தம் 19 கடைகள், 14 உழவர்கள். இதனால் யாரும் வறுமையிலிருந்து மீண்டுவிட்டதாகச் சொல்ல மாட்டேன். முப்பதாம் நாள் என்று சொன்னது இதுவரை இரண்டு முறைதான் தவறியிருக்கிறது, இரண்டும் மூன்று நாளுக்குள் தீர்ந்தன.

போன நவரையில் சித்தப்பா நிறுவனத்துக்கு ஐம்பது மூட்டை போட்டார். களத்தில் இன்னும் பத்து மூட்டை தனியாக அடுக்கியிருப்பதைப் பார்த்து, அது எதற்கு என்று கேட்டேன். பழைய மண்டிக்காரருக்கு என்றார். நம்மிடம் விலையும் கூடுதல், பணமும் நாளுக்கு வருகிறதே என்றேன். “வருதுப்பா, இல்லன்னு சொல்லல. ராத்திரி பத்து மணிக்கு உங்க சித்திக்கு நெஞ்சு வலி வந்தா உங்க கம்பெனில யாருக்குப் போன் போடறது?” என்று கேட்டுவிட்டு மூட்டையின் வாயைத் தைக்கத் தொடங்கினார். அந்தப் பத்து மூட்டையை எந்தத் தலைப்பில் எழுதுவது என்று தெரியாமல், ஏட்டில் ஒரு வரியை வெறுமையாக விட்டு வைத்திருக்கிறேன்.